திருவக்கரைக் கல்மரமும் திருக்கோவலூர் இடைகழியும்: தெய்வ நம்பிக்கையின் தோற்றம் பற்றிய ப்ரமாண விசாரம்

தெய்வம் உண்டென்னும் எண்ணம் மனிதனுக்கு எவ்வாறு தோன்றியது என்னும் ஆராய்ச்சி அண்மைக் காலத்தில் மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு தனித் துறையாக வளர்ந்துள்ளது. அத்துறையினர் கூறுவதன் சுருக்கம் இது: மனித மனம் காரியத்தைக் கண்டால் கர்த்தாவைத் தேடும், உருவமற்றதில் உருவத்தைக் காணும், கண்டதைப் பிறர்க்குச் சொல்லும், சொன்னவற்றுள் நினைவில் நிற்கத்தக்கது நிற்கும், நின்றது வழக்காகி, வழிபாடாகி, மதமாகும். இதைக் கேட்ட ஆஸ்திகருள் சிலர் இது நாஸ்திக வாதம் என்று செவி கொடாது ஒழிகின்றனர். கற்ற இளைஞருள் சிலர், இதனால் வேதமும் அருளிச்செயலும் ஒருங்கே வீழ்ந்தன என்று எண்ணி விலகுகின்றனர். இரு சாராரும் விசாரம் செய்யாமலே முடிவுக்கு வந்தவர்கள். நம் பூர்வாசார்யர்கள் எந்த வாதத்தையும் அவ்வாறு விட்டவர்கள் அல்லர். பூர்வபக்ஷத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்து, கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளுவதே அவர்கள் வழி.

அவ்வழியில் இவ்வாதத்தை ஆராய்வதற்கு நடுநாட்டில் இரண்டு இடங்கள் துணை செய்கின்றன. ஒன்று, திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் வழியில் உள்ள திருவக்கரை. மற்றொன்று, விழுப்புரத்துக்கு மேற்கே பெண்ணையாற்றங்கரையில், 2019-ஆம் ஆண்டு வரை விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருக்கோவலூர். முன்னது கல்லில் எலும்பைக் கண்ட இடம். பின்னது இருளில் எம்பெருமானைக் கண்ட இடம். இவ்விரண்டு காட்சிகளும் ஒன்றா, வேறா என்பதே இங்கு எழும் ஸம்சயம்.

கல்லில் கண்ட எலும்பு

திருவக்கரை வராக நதிக்கரையில் உள்ளது. அங்குள்ள சந்த்ரமௌளீச்வரர் கோயில் ஸம்பந்தர் பாடிய பதி. செம்பியன் மாதேவியார் அதனைக் கற்றளியாக்கியதை முதலாம் இராஜராஜன் காலத்து, கி.பி. 1001-ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. வக்ரகாளியின் ஸந்நிதியால் இன்று அவ்வூர் பெயர் பெற்றுள்ளது. அதே வளாகத்தில் வரதராஜப் பெருமாளுக்கும் ஸந்நிதி உண்டு; அங்கே எம்பெருமான் ப்ரயோக சக்ரத்தோடு ஸேவை ஸாதிக்கிறான். வக்ராஸுரன் என்பவன் வரம் பெற்று உலகை வருத்தினான் என்றும், திருமால் சக்ரத்தால் அவனை மாய்த்தான் என்றும், அவன் தங்கை துன்முகியைக் காளி அழித்தாள் என்றும் ஸ்தலபுராணம் கூறும்.

ஊருக்குக் கிழக்கே செம்மண் மேட்டில் பெரும் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றை அஸுரனுடைய எலும்புகள் என்று ஊர் வழக்கு சொல்லும். பார்த்த அளவில் அவ்வழக்கில் வியப்பில்லை. 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீண்டு, உருண்டு, வெளிறியும் சிவந்தும், முறிந்த முனைகளோடு கிடப்பவற்றை முதலில் காண்பவனுக்கு, ஒரு பேருடலின் கை கால்கள் சிதறிக் கிடப்பதாகத் தோன்றுவது எளிது. மலையே இல்லாத இடத்தில் இத்தகைய கற்கள் எப்படி வந்தன என்னும் கேள்விக்கும் அக்கதை விடையளித்தது. அருகிலேயே சக்ரம் ஏந்திய பெருமாளும், உக்ர ரூபிணியான காளியும் எழுந்தருளியிருக்க, கொல்லப்பட்டவன் எங்கே என்னும் கேள்விக்கும் அதுவே விடையாயிற்று.

1781-இல் பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னெரா இக்கற்களைக் குறித்துச் சென்றார். பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அவ்விடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகக் கொண்டு காத்து வருகின்றது. ஏறத்தாழ 247 ஏக்கர் பரப்பில் 200 அளவிலான மரங்கள் அங்கு உள்ளன. அவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பது அத்துறையினர் கணக்கு. கிளையும் வேரும் இல்லாமல் அடிமரங்களே கிடைப்பதால், அவை அங்கேயே நின்று மடிந்தவை அல்ல, வேறிடத்திலிருந்து பெருவெள்ளத்தால் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தவை என்று துணிந்தனர். புதைந்த மரத்துள் சிலிக்கா கலந்த நீர் ஊறி, மரத்தின் அணு அணுவான இடத்தைக் கல் பற்றிக்கொண்டது. ஆதலின் வளையமும் கணுவும் கண்ணுக்குப் புலனாகின்றன. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் உள்ளமைப்பும் புலனாகின்றது.

இம்மரங்களுள் புளியமரக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டு. திண்டிவனம் என்னும் பெயர் திந்த்ரிணீவனம், அதாவது புளியங்காடு, என்பதன் திரிபு என்பர். இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்துக் கேட்டவுடன், பண்டைப் புளியங்காட்டின் நினைவே ஊர்ப்பெயராக நின்றது என்று ஒரு கதை மனத்தில் தானே எழுகின்றது. 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஊருமில்லை, பெயரிட மனிதருமில்லை என்பது அடுத்த கணம்தான் நினைவுக்கு வரும். அந்த முதற்கணத்து விரைவே இக்கட்டுரையின் விஷயம். அது ஊரார்க்கு மட்டும் உரியதன்று, கற்றவர்க்கும் உரியது.

பூர்வபக்ஷம்

இவ்விரைவை முதலில் கண்டு சொன்னவர்கள் இக்காலத்தவர் அல்லர். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டு ஸெனொஃபனீஸ், எருதுக்கும் குதிரைக்கும் கைகள் இருந்து உருவம் வரைய முடிந்தால் அவை தம் தெய்வங்களைத் தம்மைப் போலவே வரையும் என்றார். ஸ்காட்லாந்து நாட்டு டேவிட் ஹ்யூம் 1757-இல் வெளியிட்ட சமயத்தின் இயற்கை வரலாறு என்னும் நூலில், மனிதன் சந்திரனில் முகத்தையும் மேகத்தில் படையையும் காண்பதைச் சுட்டி, அச்சமும் ஆசையும் இவ்வியல்போடு கூடியபோது தெய்வங்கள் தோன்றின என்றார். ஸ்டுவர்ட் கத்ரீ 1993-இல் வெளியிட்ட நூலுக்கு மேகங்களில் முகங்கள் என்பதே பெயர். புதரில் அசைவு கேட்டால் காற்று என்று எண்ணி ஏமாறுவதைவிடப் புலி என்று எண்ணி ஓடுவது உயிருக்கு நன்று. ஆதலின் சேதநன் இல்லாத இடத்திலும் சேதநனைக் காணும் பழக்கம் மனித குலத்தில் நிலைத்தது என்பது இவர்கள் சொல்லும் காரணம்.

பாஸ்கல் பாயர் 2001-இல் மேலும் ஒன்றைச் சேர்த்தார். முழுவதும் இயல்பான செய்தி மறக்கப்படும். முழுவதும் இயல்புக்கு மாறானதும் மனத்தில் நில்லாது. பெரும்பாலும் நம்மைப் போலவே இருந்து ஓரிரு தன்மைகளில் மட்டும் மாறுபடுவது நன்கு நிற்கும். அஸுரன் உண்பான், கோபிப்பான், தங்கையை உடையவன். ஆனால் அவன் எலும்பு தென்னை நீளம். இத்தகைய கதை நூற்றாண்டுகள் கடந்தும் வாழும் என்பது அவர் கருத்துக்கு ஒத்தது.

வேற்று நாடுகளிலும் இதுவே நிகழ்ந்தது. ஏழு முழ நீளப் பெட்டியில் கிடந்த எலும்புகளை ஒரெஸ்டீஸ் என்னும் வீரனுடையவை என்று ஸ்பார்ட்டா நாட்டார் எடுத்துச் சென்ற செய்தியை ஹெரொடோட்டஸ் எழுதியுள்ளார். நம் நாட்டில் ஸிவாலிக் மலைகளில் 1830-களில் ஹ்யூ ஃபால்கனர் மிகப் பெரிய ஆமையின் புதைபடிவத்தைக் கண்டெடுத்து, அதனைக் கூர்மாவதாரக் கதையோடு ஒப்பிட்டுப் பேசினார்.

இவற்றைக் கொண்டு பூர்வபக்ஷி சொல்வது: எல்லாத் தெய்வ நம்பிக்கையும் திருவக்கரை எலும்பு போன்றதே. மனம் இல்லாததைக் கண்டது. ஊர் அதனைச் சொல்லிச் சொல்லி நிலைநிறுத்தியது. பெரியதொரு ஸம்ப்ரதாயம் என்பது பெரியதொரு திருவக்கரை.

ஆலமரத்து யக்ஷன்

இதில் கொள்ளத்தக்க பகுதி யாது? நம் நாட்டு ப்ரமாண சாஸ்த்ரத்தில் ஐதிஹ்யம் என்பது ஒரு தனி ப்ரமாணமா என்னும் விசாரம் உண்டு. ஐதிஹ்யத்துக்கு அங்கே எடுத்துக்காட்டாக வழங்குவது, இன்ன ஆலமரத்தில் ஒரு யக்ஷன் வசிக்கிறான் என்று பெரியோர் சொல்லி வருவது. ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டினரான வாசஸ்பதி மிச்ரர் தம் ஸாங்க்யதத்த்வகௌமுதியில், முதலில் சொன்னவன் இன்னான் என்று குறிக்கப்படாமையால் அது ஸந்தேஹத்துக்கு இடமானது, ப்ரமாணம் ஆகாது என்றார். சொன்னவன் ஆப்தன் என்று தெரிந்தால் அது சப்தத்துள் அடங்கும், தெரியாவிடில் வதந்தியே.

ப்ரமாணம் ஆகாத வழக்குக்கு உதாரணம் தேடிய நம் சாஸ்த்ரகாரர்களுக்கு மரத்தில் குடியிருக்கும் யக்ஷன் நினைவுக்கு வந்தான் என்பது சிந்திக்கத்தக்கது. அமானுஷ்யமான செய்தி, சொன்னவன் பெயரின்றி, ஊர் வாயில் வளரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அதனை அவர்கள் மறைக்கவுமில்லை. அதன்மேல் ஸித்தாந்தத்தைக் கட்டவுமில்லை.

நம் வ்யாக்யானங்களில் ஐதிஹ்யம் என்னும் சொல் வேறு பொருளில் வழங்குகின்றது. ஈட்டை ஓதுபவர் அறிவர்: இன்ன இடத்தில் பட்டர் அருளிச்செய்தார், நஞ்சீயர் கேட்டார், எம்பார் இவ்வாறு நிர்வஹித்தார் என்று பெயர் சொல்லியே அங்கு ஐதிஹ்யம் வரும். நம்பிள்ளை சொல்ல, வடக்குத் திருவீதிப்பிள்ளை கேட்டு ஏடுபடுத்தியது என்னும் வழியும் குறிக்கப்பட்டுள்ளது. வக்தாவின் பெயரை விடாமல் காத்தது அலங்காரத்துக்காக அன்று. ஆலமரத்து யக்ஷனுக்கும் ஆப்த வாக்யத்துக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

ஆக, திருவக்கரை எலும்பு ப்ரமாண மூலமற்ற வழக்கு. அன்றியும் அது பாதிக்கப்பட்ட வழக்கு. மீமாம்ஸகர் முறைப்படி ஒரு ஞானம் தானே ப்ரமாணம். அதனை அப்ரமாணம் என்று தள்ளுவதற்குக் காரணத்தில் தோஷம் தெரிய வேண்டும், அல்லது அதனைப் பாதிக்கும் மற்றொரு ஞானம் வேண்டும். இங்கு இரண்டும் உள்ளன. உருவ ஒப்புமையால் விரைந்தமை காரணதோஷம். வளையமும் உள்ளமைப்பும் கண்டமை பாதகம். கல்மரம் மரமே என்று ஒப்புவதில் வைதிகனுக்கு இழப்பு ஒன்றுமில்லை.

அனுமானத்துக்கு எட்டாதவன்

எலும்பை விட்டுவிடலாம், ஈச்வரனையும் அவ்வாறே விட வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. காரியத்தைக் கண்டு கர்த்தாவைத் தேடும் மனமன்றோ ஜகத்தைக் கண்டு ஜகத்கர்த்தாவையும் தேடிற்று?

இங்கே பாஷ்யகாரர் செய்தருளிய விசாரம் மிக முக்கியமானது. குடத்துக்குக் குயவன் போல உலகுக்கு ஒரு கர்த்தா உண்டென்று அனுமானத்தால் ஸாதிக்கலாம் என்பது நையாயிகர் கொள்கை. உதயனர் ந்யாயகுஸுமாஞ்சலியை அதற்காகவே இயற்றினார். ஆளவந்தாரும் ஈச்வரஸித்தியில் அவ்வழியை எடுத்து விரித்தார். அந்நூல் முழுவதும் நமக்குக் கிடைக்கவில்லை. எம்பெருமானாரோ ஸ்ரீபாஷ்யத்தில் சாஸ்த்ரயோநித்வாதிகரணத்தில் அவ்வனுமானத்தைத் தள்ளினார்.

அவர் அருளிச்செய்த காரணங்களின் கருத்து இது. மலையும் கடலும் காரியம் என்றே கொள்வோம். அவை ஒரே காலத்தில், ஒருவனாலேயே செய்யப்பட்டன என்பதற்கு ஹேது என்ன? மாளிகையும் தேரும் பலர் கூடிச் செய்யக் காண்கிறோம். பல காலத்தில் பலர் செய்திருக்கலாம். மேலும், நாம் கண்ட கர்த்தாக்கள் எல்லாரும் சரீரம் உடையவர், கர்மத்துக்கு வசப்பட்டவர், அளவுபட்ட ஞானமும் சக்தியும் உடையவர். கண்டதைக் கொண்டே காணாததை அனுமானிப்பதால், அனுமானம் தரும் கர்த்தாவும் அத்தகையவனே ஆவான். ஸர்வஜ்ஞனும் ஸத்யஸங்கல்பனும் ஹேயப்ரத்யநீகனுமான பரமாத்மா அவ்வழியில் கிட்டான். அவனை அறிவிப்பது சாஸ்த்ரம் ஒன்றே.

இதனை ஸெனொஃபனீஸ் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்க. மனிதன் தன் அனுபவத்தை நீட்டித் தெய்வத்தைச் செய்தால், அத்தெய்வம் மனிதன் சாயலாகவே இருக்கும் என்பது இருவர்க்கும் பொது. ஹ்யூமின் மறைவுக்குப் பின் 1779-இல் வெளிவந்த ஸம்வாத நூலில், உலகம் வீடு போன்றதாயின் அதனைப் பலர் கூடிக் கட்டியிருக்கலாமே என்னும் வாதம் வருகின்றது. ஸ்ரீபாஷ்யம் அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்டது. ஹ்யூம் அங்கிருந்து ஸம்சயத்துக்குச் சென்றார். எம்பெருமானார் அங்கிருந்து ச்ருதிக்குச் சென்றார். புறப்பட்ட இடம் ஒன்றே.

ஆகவே, மனத்தின் இயல்பால் கர்த்தாவைத் தேடுகிறோம் என்று இன்றைய ஆராய்ச்சி காட்டும்போது அது தாக்குவது நையாயிக வழியை. ஸ்ரீபாஷ்யத்தை அடித்தளமாகக் கொண்டவர்க்கு அது புதிய ஆபத்து அன்று.

வாய்வழியும் ஓதுமுறையும்

பூர்வபக்ஷி இவ்வளவில் நில்லான். சாஸ்த்ரமும் மனிதர் வாய்வழி வந்ததன்றோ, எலும்புக் கதை வளர்ந்தது போல அதுவும் வளர்ந்திருக்கலாகாதோ என்பான். நேர்மையான கேள்வி இது. அபௌருஷேயம் என்னும் ஒரு சொல்லால் அவனை அடக்கிவிட இயலாது. அது மீமாம்ஸையில் வேறு ஹேதுக்களால் விரிவாக ஸாதிக்கப்பட வேண்டியது. இங்கே வாய்வழி வருதல் என்பதில் உள்ள இரு வகைகளை மட்டும் பிரித்துக் காட்டலாம்.

1932-இல் கேம்ப்ரிட்ஜ் உளவியலாளர் பார்ட்லெட் வெளியிட்ட சோதனைகளில், ஒரு வேற்றுநாட்டுக் கதையை ஒருவர் சொல்ல அடுத்தவர் நினைவிலிருந்து எழுத, அதனை அடுத்தவர் படித்து எழுத, கதை மாறிக்கொண்டே சென்றது. பழக்கமற்ற பகுதிகள் உதிர்ந்தன. சொல்பவருக்குப் பழகியவை புகுந்தன. கருத்தை மட்டும் பற்றிச் சொல் வழியே செல்லும் எதற்கும் இக்கதியே நேரும். ஸ்தலபுராணக் கதைகளில் ஊர்க்கு ஊர் வேறுபாடு காண்பதற்கு இதுவே காரணம்.

வேதாத்யயனம் இதற்கு நேர்மாறாக அமைக்கப்பட்டது. அங்கு முதலில் காக்கப்படுவது சொல்லும் ஸ்வரமும் மாத்திரையும். பொருள் அதன் பின் வருவது. பதம், க்ரமம், ஜடை, கனம் என்று ஒரே மந்த்ரத்தைப் பல முறைகளில் முன்னும் பின்னும் ஓதுவதால், ஓர் எழுத்து பிறழ்ந்தாலும் வெளிப்பட்டுவிடும். மனம் தன் இயல்பால் கூட்டவும் குறைக்கவும் செய்யும் என்பதை உணர்ந்தவர்களே இத்தகைய வேலியை இட்டிருக்க முடியும். அருளிச்செயலைச் சந்தையாகச் சொல்லிவைக்கும் முறையும் இதன் வழிப்பட்டது. ஓதுமுறை உண்மையை உண்டாக்காது. அது காப்பது மட்டுமே. ஆயினும், கட்டற்ற வதந்தியையும் காவலிட்ட பாடத்தையும் ஒரே தட்டில் வைப்பது விசாரம் ஆகாது என்பதற்கு இது போதும்.

உபாதானமும் அதிஷ்டானமும்

கல்மரம் என்று கேட்டவுடன் ஸ்ரீவைஷ்ணவர் உள்ளத்தில் எழக்கூடிய உண்மையான கலக்கம் வேறொன்று. திருவாராதனத்தில் எழுந்தருளியிருக்கும் ஸாலக்ராமமும் புவியியலார் கணக்கில் ஒரு புதைபடிவமே. கண்டகீ நதி இமயத்திலிருந்து உருட்டிக் கொண்டுவரும் அக்கருங்கற்களுள் சக்ர ரேகையாகத் தெரிவது, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த அம்மோனைட்டு என்னும் சுருளோட்டு உயிரின் ஓடு என்பர். எலும்பு மரமாகிவிட்டால், சக்ரம் ஓடாகிவிடாதோ?

ஆகாது. காரணம் இது. திருவக்கரை வழக்கு கூறுவது கல்லின் உபாதானத்தைப் பற்றி: இது முன்பு எலும்பாய் இருந்தது என்பது அதன் ப்ரதிஜ்ஞை. உபாதானம் ப்ரத்யக்ஷத்துக்கும் அனுமானத்துக்கும் விஷயம். ஆதலின் அவற்றால் அது பாதிக்கப்படும், பாதிக்கப்பட்டது. ஸாலக்ராம விஷயத்தில் சாஸ்த்ரம் விதிப்பது ஆராதனத்தை. அறிவிப்பது எம்பெருமானுடைய அதிஷ்டானத்தை, அதாவது அவன் அதனைத் தனக்கு இருப்பிடமாக உகந்து கொண்டமையை. அது எதனால் ஆயது என்பதில் சாஸ்த்ரத்துக்கு நிர்ப்பந்தமில்லை. வேறு ப்ரமாணத்தால் அறியக்கிடப்பதில் சாஸ்த்ரம் புகாது, அறிய முடியாததிலேயே அதற்குப் பயன் என்பது எல்லா மீமாம்ஸகர்க்கும் ஒப்பமுடிந்தது.

அர்ச்சாவதாரத்திலும் இதுவே நிலை. பெருமாள் திருமேனி பஞ்சலோகம் என்று சொல்பவன் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. அடியார் உகந்த உருவத்தையே தன் உருவமாகக் கொள்கிறான் என்று பொய்கையாழ்வாரே அருளிச்செய்தார். த்ரவ்யம் இன்னது என்பதில் மறைவே இல்லாதபோது, த்ரவ்யத்தை வெளிப்படுத்துவதால் எது வீழும்?

வஜ்ரகீடம் என்னும் புழு கல்லைக் குடைந்து அச்சக்ரத்தை அமைத்தது என்று புராணங்கள் கூறுவதும் இங்கு நினைக்கத்தக்கது. ரேகைக்கு ஓர் உயிரே காரணம் என்று சொல்லவும் நம் முன்னோர் அஞ்சவில்லை. புராணம் அம்மோனைட்டை அறிந்திருந்தது என்று இதனைக் கொண்டு பெருமை பேசுவது, புளியங்காட்டுக் கதை போன்ற விரைவே ஆகும். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்த ஸாலக்ராமத்துக்கு அத்தகைய துணை வேண்டியதில்லை.

இருளில் நாலாமவன்

இனித் திருக்கோவலூர். ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவம் முதலியவை கூறும் வ்ருத்தாந்தம் யாவரும் அறிந்தது. மழை இரவில் ஓர் இடைகழியில் பொய்கையார் ஒதுங்கினார், பூதத்தார் வந்தார், பேயாரும் வந்தார். ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்க இடமுடைய அங்கே நாலாமவர் ஒருவர் நெருக்குவதை மூவரும் உணர்ந்தனர்.

பூர்வபக்ஷி இதனைக் கேட்டால் மகிழ்வான். அவன் கையில் ஒரு ஸமமான செய்தி உண்டு. 1916-ஆம் ஆண்டு மே மாதம், தென்முனைப் பயணத்தில் கப்பலை இழந்த ஷாக்கில்டன், வொர்ஸ்லி, க்ரீன் ஆகிய மூவர் தெற்கு ஜார்ஜியா தீவின் பனிமலைகளை 36 மணி நேரம் ஓயாது நடந்து கடந்தனர். மூவராக நடந்தும் நால்வராக இருப்பதாகத் தமக்குத் தோன்றியதென்று ஷாக்கில்டன் பின்னர் எழுதினார். மற்ற இருவரும் அவ்வாறே உணர்ந்ததாகக் கூறினர். களைப்பும் தனிமையும் ஆபத்தும் கூடும்போது மனம் இல்லாத துணையை உணரும் என்பர் உளவியலார். இடைகழியின் இருளும் நெருக்கமும் அத்தகையன அல்லவோ என்பான்.

இதற்கு ஸமாதானம் வ்ருத்தாந்தத்துக்குள்ளேயே இருக்கின்றது. நெருக்கத்தை உணர்ந்தவுடன் ஆழ்வார்கள் அதனை எம்பெருமான் என்று முடிவு கட்டவில்லை, விளக்கேற்றினார்கள். பொய்கையார் உலகத்தைக் கொண்டு ஒரு விளக்கும், பூதத்தார் அன்பைக் கொண்டு ஒரு விளக்கும் ஏற்றினர். அவ்விளக்குகளின் ஒளியில் பேயார் கண்டார். பரபக்தி, பரஜ்ஞானம், பரமபக்தி என்னும் மூன்று நிலைகளாக இதனைப் பூர்வர்கள் நிர்வஹிப்பர். நெருக்கம் ஸம்சயத்தை எழுப்பியது. விளக்கு அதனைத் தீர்த்தது. திருவக்கரையில் பின்வந்த ஞானம் முன்வந்ததைப் பாதித்தது. திருக்கோவலூரில் பின்வந்த ஞானம் முன்வந்ததை உறுதி செய்தது. இவ்விரண்டும் ஒரே வகை என்பவன் பாதத்தையும் ஸம்வாதத்தையும் வேறு பிரிக்க மாட்டாதவன்.

அன்றியும், எந்த ஆசார்யரும் மூவர் நெருக்கப்பட்டனர், ஆதலால் நாராயணனே பரதத்த்வம் என்று அனுமானம் செய்யவில்லை. பெரியவாச்சான் பிள்ளை மூன்று திருவந்தாதிகளுக்கும் வ்யாக்யானம் அருளியபோது, அவற்றின் அர்த்தங்களை ச்ருதியோடு ஒன்றுபடுத்தியே காட்டினார். இடைகழி ப்ரபந்தங்களுக்கு அவதாரிகை. அவற்றுக்கு ப்ரமாணம் அன்று. நெருக்க உணர்ச்சிக்கு உளவியலார் எந்தக் காரணம் சொன்னாலும், முன்னூறு பாசுரங்களில் விளங்கும் தத்த்வமும் குணாநுபவமும் அக்காரணத்துக்குள் அடங்கா. ஷாக்கில்டனுக்கு நாலாமவன் பெயரின்றி மறைந்தான். ஆழ்வார்களுக்கு அவன் திருவோடும் திருவாழி சங்கோடும் ஸேவை ஸாதித்தான்.

விசாரத்தின் ப்ரயோஜனம்

நம்பிக்கை எவ்வாறு தோன்றியது என்பதும், அது ப்ரமாணமா என்பதும் இரு வேறு கேள்விகள். முன்னதற்கு விடை கண்டவன் பின்னதையும் முடித்துவிட்டதாக எண்ணுவது பூர்வபக்ஷியின் பிழை. முன்னதை ஒப்பினால் பின்னது போய்விடும் என்று அஞ்சுவது நம்மவர் பிழை. இரண்டாவது பிழையே நமக்கு அதிகத் தீங்கு செய்வது. கல்மரத்தை எலும்பு என்று பிடிவாதமாகச் சொல்லிக் கொடுத்தால், அது மரம் என்று அறிந்த நாளில் பிள்ளை எலும்போடு வரதராஜனையும் சேர்த்துக் கைவிடுவான். பாதிக்கத்தக்கதைப் பாதிக்கத்தகாததோடு கட்டி வைத்தவர்களுக்கே அக்குற்றம் சேரும். நோய்க்கும் துயரத்துக்கும் பேயைக் காரணமாக்கி மருந்தைத் தள்ளிப்போடும் வழக்கமும் அந்த ஆலமரத்து யக்ஷனின் வகையே. அநந்யசேஷர்களுக்கு அவ்வச்சம் உரியதன்று.

அதே வேளையில் ஊர் வழக்கை இகழ்வதும் எம்பெருமானார் அடியார்க்குப் பொருந்தாது. எல்லா ஞானமும் யதார்த்தமே என்பது நம் க்யாதி வாதம்: சுக்தியை ரஜதம் என்றவன் அதில் உள்ள ரஜதாம்சத்தைக் கண்டான், மிகுதியாய் உள்ள சுக்தியம்சத்தைக் காணாது விட்டான். கல்மரத்தில் அஸுரனைக் கண்டவனும் ஒன்றைச் சரியாகவே கண்டான். இது வெறும் கல் அன்று, ஒரு காலத்தில் உயிர் தாங்கிய உடல் என்பதை, புவியியல் பிறப்பதற்கு முன்னமே அவன் கண் அறிந்தது. எவ்வுடல் என்பதில் மட்டுமே தவறினான். அவனுக்குச் சொல்ல வேண்டியது, நீ கண்டது பொய் என்பதன்று. இன்னும் ஒரு விளக்கை ஏற்றிப் பார் என்பதே. ஸாரஜ்ஞர்கள் இதனை ஆராய்ந்து குணதோஷங்களை நிர்ணயிப்பார்களாக.